சர்க்கரை நோயாளிகளுக்குக் கையில் மதமதப்பும் பலவீனமும்: காரணத்தைப் பிரித்தறிந்து கையைக் காப்பதற்கான முழுமையான வழிகாட்டி

சர்க்கரை நோய் உள்ள ஒருவருக்கு விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு வந்தாலோ, கை மரத்துப்போனாலோ, பிடித்திருந்த பாத்திரம் கை நழுவி விழுந்தாலோ, "சர்க்கரை நரம்பைப் பாதித்துவிட்டது" என்று வீட்டில் உள்ளவர்கள் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பல வேளைகளில் நோயாளியும் அப்படியே நம்பிவிடுகிறார். அந்த முடிவு பாதி உண்மை. நீரிழிவு நரம்புகளைப் பாதிக்கும் என்பதிலும், நோய் நீடிக்கும் ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் நரம்புப் பாதிப்பு வந்துவிடுகிறது என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அந்தப் பாதிப்பு வழக்கமாகக் காலில்தான் தொடங்கும். கால் நன்றாக இருக்கும்போதே கையில் தொந்தரவு தொடங்கினால், பெரும்பாலும் அதற்குத் தனியாக ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணங்களில் பல சரிசெய்யக்கூடியவை.

மணிக்கட்டில் நசுங்கும் நரம்பை விடுவிக்க முடியும். குறைந்துபோன வைட்டமின் பி12-ஐ ஈடுகட்ட முடியும். தைராய்டு குறைபாட்டைச் சரிசெய்ய முடியும். "எல்லாம் சர்க்கரைதான்" என்று ஒதுக்கிவைத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், நரம்பு நசுங்கிய நிலையிலேயே மாதங்கள் ஓடி, கையின் சிறு தசைகள் கரைந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல சிகிச்சை செய்தாலும் பழைய வலு முழுதாகத் திரும்புவதில்லை. ஆகவே இந்த வழிகாட்டி காரணத்தைப் பிரித்தறிவதற்கே அதிக இடம் கொடுக்கிறது. மருத்துவர் செய்யும் பரிசோதனைக்கு இது மாற்று ஆகாது. அவர் முன் அமரும்போது தொந்தரவைத் தெளிவாகச் சொல்ல இது உதவும்.

முதற்படி: காத்திருக்கக் கூடாத நிலைகளை விலக்குதல்

சில நிலைகளில் வீட்டில் உட்கார்ந்து ஆராயக் கூடாது. ஒரு பக்கக் கை திடீரென வலுவிழந்தாலோ மரத்துப்போனாலோ, அதனுடன் வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். மூளையின் இரத்தக் குழாயை அடைத்திருக்கும் உறைந்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். ஆகவே எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். போகும் வழியிலேயே சர்க்கரையைச் சோதித்துப் பார்ப்பது நல்லது, ஏனெனில் தாழ்சர்க்கரையும் சில வேளைகளில் பக்கவாதம் போலவே தோன்றும். ஆனால் அந்தச் சோதனைக்காகப் புறப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

உதட்டிலும் விரல் நுனியிலும் குறுகுறுப்பு, கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பசி ஆகியவை சேர்ந்து வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கக்கூடும். அளவு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், 15 கிராம் குளுக்கோஸையோ அதற்கு ஈடான சர்க்கரைக் கரைசலையோ உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். ஏறவில்லையென்றால் அதே அளவை மறுபடியும் எடுக்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இடது கைக் குடைச்சலுடன் நெஞ்சில் அழுத்தமோ மூச்சுத் திணறலோ குளிர்ந்த வியர்வையோ வந்தால் இதயத்தை முதலில் பார்க்க வேண்டும். நீண்டநாள் நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பின்போதும் நெஞ்சுவலி மங்கலாகவே இருக்கக்கூடும். சில நாட்களுக்குள் காலிலிருந்து மேல்நோக்கி ஏறிவரும் பலவீனமும், இரு கைகளும் தடுமாறுவதோடு நடையும் தள்ளாடி, சிறுநீரை அடக்க முடியாமல் போவதும் இதே அவசரப் பட்டியலில் சேர்பவை. இவற்றில் எதுவும் இல்லையென்றால் நிதானமாக அடுத்த படிக்குச் செல்லலாம்.

இரண்டாம் படி: கைக்கு முன் காலைப் பார்த்தல்

கையைப் பற்றிய வழிகாட்டியில் காலுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். உண்மையில் காரணத்தைப் பிரிக்கும் முதல் கேள்வியே காலில்தான் இருக்கிறது. நீரிழிவு மிக நீளமான நரம்புகளின் கடைக்கோடியைத்தான் முதலில் தாக்கும். கீழ்முதுகிலிருந்து கால்விரல் வரை ஓடும் நரம்பிழைகள் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் கொண்டவை. இவ்வளவு தூரத்துக்குச் சத்தைக் கொண்டுசேர்க்க வேண்டிய நரம்பு, உயர்ந்த சர்க்கரையாலும், தனக்கு இரத்தம் தரும் நுண்குழாய்கள் சுருங்குவதாலும் முனையிலிருந்து பின்வாங்கத் தொடங்குகிறது. ஆகவே மதமதப்பு இரு கால்விரல்களிலும் ஏறக்குறைய ஒன்றாகத் தொடங்கி, பாதம், கணுக்கால், கெண்டைக்கால் என்று மேலேறி, முழங்காலை எட்டும் கட்டத்தில்தான் பெரும்பாலும் கைவிரல் நுனிகளுக்கு வரும். மருத்துவர்கள் இதைக் கையுறை–காலுறை வடிவம் என்பார்கள்.

காலின் நிலையை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். படுத்துக் கண்களை மூடிக்கொண்டு, இன்னொருவரை உங்கள் இரு பாதங்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடி மெல்லத் தொடச் சொல்லுங்கள். அழுத்தவோ தேய்க்கவோ தட்டவோ கூடாது. ஓர் இடத்தை ஒரு முறைதான் தொட வேண்டும். தொட்டதை உணரும்போதெல்லாம் வலது, இடது என்று சொல்லுங்கள். ஆறு இடங்களில் இரண்டிலோ அதற்கு மேலோ உணரவில்லையென்றால் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். கை எப்படி இருந்தாலும், அந்தப் பாதத்தை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இப்போது விடையைப் பொருத்திப் பாருங்கள். இரு கால்களும் முழங்கால் அளவுக்கு மரத்திருந்து, இரு கைகளின் எல்லா விரல் நுனிகளும் சமமாக மதமதத்தால் நீரிழிவு நரம்புப் பாதிப்பு என்பது பொருந்தும். கால் நன்றாக இருந்து கை மட்டும் தொந்தரவு தந்தாலோ, ஒரு கை மட்டும் பாதிக்கப்பட்டாலோ, உணர்வு அவ்வளவு குறையாமல் வலு மட்டும் குறைந்தாலோ அது பொருந்தவில்லை. வழக்கமான நீரிழிவு நரம்புப் பாதிப்பில் உணர்வுதான் முதலில் குறையும்; குறிப்பிடத்தக்க பலவீனம் பிந்தித்தான் வரும். கால் மரத்திருப்பதால் கைக்கும் அதே காரணம்தான் என்று சொல்லிவிட முடியாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் சர்க்கரையால் ஏற்கெனவே நலிந்த நரம்பு, குறுகலான இடங்களில் எளிதாக நசுங்கும். பொது மக்களிடம் நூற்றுக்குச் சிலருக்கே வரும் மணிக்கட்டு நரம்பு நெருக்கம், நீரிழிவு நரம்புப் பாதிப்பு உள்ளவர்களில் பத்தில் மூவர் அளவுக்குக்கூடக் காணப்படுகிறது. இரண்டும் ஒரே கையில் சேர்ந்திருக்கலாம். அப்போதும் நெருக்கத்துக்குத் தனிச் சிகிச்சை உண்டு.

மூன்றாம் படி: எந்த விரல் என்று வரைந்து பார்த்தல்

இந்தப் படியைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன், ஏனெனில் "கை மரத்துப்போகிறது" என்ற ஒரு வாக்கியத்தைக் காட்டிலும் "எந்த விரல், எந்தப் பக்கம்" என்ற விவரம் மருத்துவருக்குப் பல மடங்கு பயன்படும். ஒரு தாளில் இரு உள்ளங்கைகளையும் வைத்து வெளிக்கோடு வரைந்துகொள்ளுங்கள். தொந்தரவு வரும் வேளையிலேயே, குறிப்பாக இரவில் விழித்துக்கொண்டால் அப்போதே, மரத்திருக்கும் இடத்தைப் பென்சிலால் தீட்டுங்கள். காலையில் நினைவிலிருந்து தீட்டினால் பெரும்பாலோர் கை முழுவதையும் தீட்டிவிடுவார்கள்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி என்று தீட்டியிருந்தால் அது மீடியன் நரம்பின் பகுதி. இந்த நரம்பு மணிக்கட்டில், கார்பல் டனல் எனப்படும் ஒரு குறுகிய வழியில், விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களுடன் நெருக்கியடித்துக்கொண்டு செல்கிறது. அங்கே வீக்கமோ தடிப்போ வந்தால் முதலில் நசுங்குவது நரம்புதான். அதே நேரத்தில் கட்டைவிரலின் அடிமேட்டில் உள்ள தோலுக்குச் செல்லும் கிளை அந்த வழிக்கு முன்பே பிரிந்துவிடுவதால், மணிக்கட்டு நெருக்கத்தில் விரல்கள் மரத்தாலும் அந்த இடத்துத் தோலில் உணர்வு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் தீட்டப்பட்டிருந்தால் அது அல்நார் நரம்பு. அது முழங்கையின் உட்புற எலும்பு மேட்டுக்குப் பின்னால், தோலுக்குச் சற்றே கீழாக ஓடுவதால் அங்குதான் அதிகம் நசுங்குகிறது.

மோதிர விரலைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பஞ்சுத் துணுக்கால் அந்த விரலின் நடுவிரல் பக்க ஓரத்தையும் சுண்டுவிரல் பக்க ஓரத்தையும் மாற்றி மாற்றி இலேசாக வருடச் சொல்லுங்கள். ஒரே விரலின் ஓர் ஓரம் தெளிவாகவும் மறு ஓரம் மங்கலாகவும் தெரிந்தால், விரலின் நடுவில் யாரோ கோடு கிழித்தது போன்ற அந்தப் பிளவு, கோளாறு மீடியன் அல்லது அல்நார் நரம்பில் இருக்கிறது என்பதற்கு வலுவான சான்று. கழுத்தில் நரம்பு வேர் அழுந்தும்போது பெரும்பாலும் விரல் முழுவதும் ஒரே மாதிரி மரத்துப்போகும். பொதுவான நீரிழிவு நரம்புப் பாதிப்பும் விரலை இப்படிப் பாதியாகப் பிரிக்காது.

கழுத்து வேர்களுக்கும் தனித் தடங்கள் உண்டு. ஆறாவது வேர் கட்டைவிரலுக்கும், ஏழாவது நடுவிரலுக்கும், எட்டாவது சுண்டுவிரலுக்கும் செல்கிறது. கழுத்திலோ தோள்பட்டையிலோ தொடங்கிக் கை வழியே மின்சாரம் பாய்வது போல வலி இறங்கினாலும், கழுத்தைப் பின்னால் சாய்த்துப் பாதித்த பக்கம் திருப்பும்போது தொந்தரவு கூடினாலும், கழுத்தைச் சந்தேகிக்கலாம். சுண்டுவிரல் மரப்பில் இன்னொரு அடையாளமும் இருக்கிறது: அல்நார் நரம்புக் கோளாற்றில் மரப்பு மணிக்கட்டை ஒட்டி நின்றுவிடும், முன்கையின் உட்புறம் வரை ஏறினால் கழுத்துப் பக்கம் பார்க்க வேண்டும். மரப்பு கையின் முதுகுப்பக்கத்தில், கட்டைவிரலுக்கு மேலே இருந்து, மணிக்கட்டைத் தூக்க முடியாமல் தொங்கினால் அது ரேடியல் நரம்பு. நாற்காலியின் கைப்பிடியில் கையைத் தொங்கவிட்டு அயர்ந்து தூங்கி எழுபவர்களுக்கு இது நேரும்.

நான்காம் படி: எப்போது வருகிறது என்று குறித்தல்

நடு இரவில் மதமதப்பால் விழித்து, கையை உதறினால் தணிகிறதென்றால் அது மணிக்கட்டு நெருக்கத்தின் மிகவும் பழக்கமான முகம். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கிக்கொள்வதால் உள்ளே அழுத்தம் கூடுகிறது. இரு சக்கர வாகனம் ஓட்டும்போதும், செல்பேசியை நெடுநேரம் பிடித்திருக்கும்போதும் அதே தொந்தரவு வரும். இரு கைகளின் புறப்பக்கங்களையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழ்நோக்கியிருக்க மணிக்கட்டுகளை மடக்கி 60 நொடி வைத்துப் பாருங்கள். அதற்குள் அதே விரல்களில் அதே மதமதப்பு வந்தால் சந்தேகம் வலுப்படும். வராவிட்டால் நெருக்கம் இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது. முழங்கையை மடக்கித் தொலைபேசியில் பேசும்போதும், மேசையில் முழங்கையை ஊன்றும்போதும் சுண்டுவிரல் மரத்தால் அல்நார் நரம்பு. இரவும் பகலும் மாறாத, எந்த நிலையிலும் கூடாத குறையாத மரப்புதான் பொதுவான நரம்புப் பாதிப்புக்குப் பொருந்தும். அதில் எரிச்சல் மட்டும் இரவில் கூடலாம்.

ஐந்தாம் படி: பலவீனத்தையும் விறைப்பையும் பிரித்தல்

"கையில் பலமில்லை" என்று சொல்பவர்களில் சிலருக்கு உண்மையில் தசை வலுக் குறைந்திருக்கும். சிலருக்கு உணர்வு குறைந்ததால் பிடிப்பின் அளவு தெரியாமல் பொருள் நழுவும். சிலருக்கு மூட்டு விறைத்திருக்கும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

தசை வலுவைப் பார்க்க ஒரு தாள் போதும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையே, சாவியைப் பிடிப்பது போலத் தாளைப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். தாளைக் காப்பாற்றுவதற்காகக் கட்டைவிரலின் நுனி மூட்டு தானாகவே மடங்கிக்கொண்டால், அல்நார் நரம்பு இயக்கும் தசை தளர்ந்து, மற்றொரு நரம்பின் தசை அந்த வேலையை ஈடுகட்டுகிறது என்று பொருள். அடுத்து இரு உள்ளங்கைகளையும் பக்கம் பக்கமாக வைத்து, கட்டைவிரலின் அடிமேடு ஒரு பக்கம் தட்டையாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கைகளைத் திருப்பி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதை குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்னது மீடியன் நரம்பின் தசை இழப்பு, பின்னது அல்நார் நரம்பினுடையது. குழி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வந்திருந்தால் அடுத்த மாதம், அடுத்த பரிசோதனை என்று தள்ளிப்போடக் கூடாத நிலை அது. இரண்டு மாதங்களுக்கு மேலாகக் கூடிக்கொண்டே வந்து, தோளையும் தொடையையும்கூட வலுவிழக்கச் செய்யும் நோயெதிர்ப்பு சார்ந்த நரம்பழற்சி ஒன்றும் உண்டு. அது மருந்துக்குக் கட்டுப்படக்கூடியது என்பதால் அதைச் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிடுவது பேரிழப்பாகும். உணர்வு சிறிதும் குறையாமல் தசை மட்டும் கரைந்து துடிப்பதையும் நரம்பியல் மருத்துவர் தாமதமின்றிப் பார்க்க வேண்டும்.

விறைப்பை அறிய, கும்பிடுவது போல இரு கைகளையும் சேர்த்து அழுத்துங்கள். விரல்களும் உள்ளங்கைகளும் இடைவெளியின்றிப் பொருந்தாமல் விரல்கள் வளைந்தே நின்றால், அது நரம்புக் கோளாறு அல்ல. பல ஆண்டுகள் உயர்ந்திருந்த சர்க்கரை, தோலிலும் மூட்டுறைகளிலும் உள்ள கொலாஜன் இழைகளுடன் பிணைந்து அவற்றைத் தடிக்கச் செய்துவிட்டதன் விளைவு. வலி அதிகம் இல்லாததால் பலரும் இதைக் கவனிப்பதே இல்லை. இந்த அடையாளம் உள்ளவர்களுக்குக் கண், சிறுநீரகப் பாதிப்புகளும் கூடுதலாகக் காணப்படுவதால் அவற்றையும் சோதித்துக்கொள்வது அவசியம். விரல் மடங்கி மாட்டிக்கொண்டு "டக்" என்று விடுபடும் தொல்லையும், உள்ளங்கையில் கயிறு போலத் தடித்து மோதிர விரலை இழுக்கும் தொல்லையும் நீரிழிவு உள்ளவர்களுக்கு மிகுதி.

ஆறாம் படி: சாப்பிடும் மருந்துகளைப் பார்த்தல்

சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகளாக, குறிப்பாக அதிக அளவில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவது குறைகிறது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல், இந்தக் குறைபாட்டை மெட்ஃபார்மினின் அரிதான பக்கவிளைவாக இனிக் கருதக் கூடாது, அது பரவலாக வருவதுதான் என்று அறிவித்து, அறிகுறி உள்ளவர்களுக்குச் சோதனை செய்யும்படி மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. விலங்குணவு சேர்க்காதவர்கள், முதியவர்கள், அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து இன்னும் கூடும். பி12 குறைபாடு நீரிழிவு நரம்புப் பாதிப்பைப் போலவே தோன்றும்; ஆனால் கையும் காலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மரத்தாலோ, இருட்டில் நடக்கும்போது தள்ளாடினாலோ, நாக்கு வழவழப்பாகிச் சிவந்தாலோ பி12-ஐ முதலில் நினைக்க வேண்டும். இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. 200 முதல் 300 வரை ஐயத்துக்குரிய இடம், அங்கே, பி12 குறையும்போது இரத்தத்தில் உயரும் மீத்தைல்மலோனிக் அமிலத்தை அளக்கும் சோதனை துணை செய்யும். சோதனைக்கு முன்பே பி12 ஊசி போட்டுக்கொண்டால் உண்மை அளவு மறைந்துவிடும் என்பதால், முதலில் இரத்தத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு தொடங்குங்கள். இதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டியதில்லை. பெரும்பாலும் பி12-ஐச் சேர்த்துக்கொண்டே அதைத் தொடரலாம்.

எதிர்த்திசையிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. நரம்புக்கு நல்லது என்று நம்பி மாதக்கணக்கில் விழுங்கும் பி வைட்டமின் மாத்திரைகள் பலவற்றில் பி6 மிக அதிகமாக இருக்கிறது, அந்த பி6 மிகையானால் அதுவே நரம்பைக் கெடுத்து மதமதப்பை உண்டாக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பெரியவர்களுக்கான உச்ச வரம்பை நாளொன்றுக்கு 12 மில்லிகிராம் என்று நிர்ணயித்தது. சில மாத்திரைகளில் ஒன்றிலேயே 100 மில்லிகிராம் இருக்கிறது. அட்டையின் பின்புறத்தைப் படித்து, பைரிடாக்சின் என்ற பி6-இன் வேதிப்பெயருக்கு எதிரே உள்ள அளவைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். புற்றுநோய் மருந்துகள் சிலவும், காசநோய்க்கான ஐசோனியசிடும், மதுவும் நரம்பைத் தாக்குபவை. இவற்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஏழாம் படி: மருத்துவரிடம் கேட்டுப்பெற வேண்டிய சோதனைகள்

தீட்டிய தாளையும் மருந்துப் பட்டியலையும் கொண்டுசெல்லுங்கள். கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி, பி12, தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சிறுநீரகச் செயல்பாடு, முழு இரத்த எண்ணிக்கை ஆகியவை அடிப்படைச் சோதனைகள். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையும் கொண்டு காலின் உணர்வைச் சோதிப்பதையும் கேட்டுப் பெறுங்கள். டயாலிசிஸ் செய்வதற்காகக் கையில் இரத்தக்குழாய் இணைப்பு போடப்பட்டவர்களுக்கு அந்தக் கை சில்லிட்டு மதமதத்தால், இரத்தம் அங்கே குறைகிறது என்று கொண்டு விரைந்து பார்க்க வேண்டும்.

நரம்பு கடத்தல் சோதனை எங்கே நசுங்குகிறது, எவ்வளவு என்று காட்டும். சிறு மின் அதிர்ச்சிகள் சற்றுத் தொந்தரவு தருமே தவிர ஆபத்து இல்லை. அந்தச் சோதனை பருத்த நரம்பிழைகளை மட்டுமே அளக்கிறது. எரிச்சலையும் ஊசி குத்தலையும் உணர்த்தும் மெல்லிய இழைகளின் கோளாறு அதில் தெரியாது. ஆகவே "சோதனையில் ஒன்றுமில்லை" என்று சொல்லப்பட்டால் உங்கள் எரிச்சல் கற்பனை என்று பொருளாகாது.

எட்டாம் படி: காரணத்துக்கேற்ற சிகிச்சை

சர்க்கரைக் கட்டுப்பாடு எல்லோருக்கும் பொதுவானது, ஆனால் அதன் ஆற்றலை மிகைப்படுத்திச் சொல்லக் கூடாது. சர்க்கரையைத் தீவிரமாகக் கட்டுப்படுத்தினால் பின்விளைவுகள் குறைகின்றனவா என்று பார்த்து, 1993-இல் முடிவு வெளியான டி.சி.சி.டி. ஆய்வில், வகை 1 நீரிழிவு (உடலில் இன்சுலின் ஏறக்குறைய சுரக்காத வகை) உள்ள 1,441 பேர் பங்கேற்றனர். தீவிரக் கட்டுப்பாடு அவர்களிடம் நரம்புப் பாதிப்பு வருவதை ஏறக்குறைய 60 சதவீதம் குறைத்தது. வகை 2-இல் பலன் இதைவிடக் குறைவு. அங்கே எடை, இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றையும் சேர்த்துக் கவனிக்க வேண்டியிருக்கிறது. வேகமும் அளவோடு இருக்க வேண்டும்: மிக உயர்ந்திருந்த எச்.பி.ஏ.1சி, மூன்று மாதங்களுக்குள் 2 சதவீதப் புள்ளிக்கு மேல் சரிந்தால், சிலருக்குக் கடும் நரம்பு வலி புதிதாகக் கிளம்புகிறது. அப்படி நேர்ந்தால் சிகிச்சையைக் கைவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்; பெரும்பாலும் காலப்போக்கில் தணியும்.

மணிக்கட்டு நெருக்கம் இலேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தால், மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையை இரவில் குறைந்தது ஆறு வாரம் அணிந்து பார்ப்பது முதல் வழி. பட்டை மணிக்கட்டைப் பின்னால் வளைக்கக் கூடாது, இறுக்கவும் கூடாது. கடைகளில் கிடைப்பவற்றில் பல சற்றே பின்வளைந்திருக்கும் என்பதால் உள்ளேயிருக்கும் உலோகத் தகட்டை நேராக்கி அணிய வேண்டும். ஸ்டீராய்டு ஊசி பலருக்குச் சில மாதங்கள் நிவாரணம் தரும், ஆனால் போட்ட பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறும். அந்த நாட்களில் அடிக்கடி சோதிப்பதற்கும் மருந்தளவைத் தற்காலிகமாக மாற்றுவதற்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். விரல் மாட்டிக்கொள்ளும் தொல்லையில் அந்த ஊசி, நீரிழிவு இல்லாதவர்களுக்குப் பலிக்கும் அளவுக்கு நீரிழிவு உள்ளவர்களுக்குப் பலிப்பதில்லை.

உணர்வு நிரந்தரமாக மங்கினாலோ தசை கரையத் தொடங்கினாலோ அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. சர்க்கரை நோய் இருப்பதால் அறுவை பயன் தராது என்று அஞ்ச வேண்டியதில்லை. நீரிழிவு உள்ளவர்களும் நல்ல பலன் பெறுகிறார்கள். கையை மட்டும் மரக்கச் செய்து, நரம்பின் மேல் கூரை போலிருக்கும் பட்டை நாணை வெட்டி விடுவிக்கும் சிறு அறுவை அது. இரவு மதமதப்பு பெரும்பாலும் விரைவில் போய்விடும். மங்கிய உணர்வும் வலுவும் திரும்ப மாதங்கள் ஆகும், ஏனெனில் நரம்பிழை நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கையில் அல்நார் நரம்பு நசுங்கினால், இரவில் முழங்கை மடங்காதபடி ஒரு துண்டைத் தளர்வாகச் சுற்றிக்கொள்வதும், அதை ஊன்றும் வழக்கத்தை விடுவதுமே முதல் சிகிச்சை.

எரிச்சலுக்கும் நரம்பு வலிக்கும் டுலாக்ஸெடின், பிரிகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் ஆகியவை தரப்படுகின்றன. இவை வலியைக் குறைக்கும், நரம்பைச் சரிசெய்யாது. வலியே இல்லாத மரப்புக்கு இவற்றால் பயனும் இல்லை. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பிரிகாபலின், காபாபென்டின் அளவைக் குறைக்க வேண்டும். முதியவர்களுக்கும் இதயத்துடிப்புக் கோளாறோ சிறுநீர் அடைப்போ உள்ளவர்களுக்கும் அமிட்ரிப்டிலின் பொருந்தாமல் போகலாம். இந்த மருந்துகளைத் திடீரென நிறுத்தக் கூடாது. படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: அன்றாடம் கையைக் காத்தல்

உணர்வு மங்கிய கை சுடுவதை அறியாது. வெந்நீரின் சூட்டை விரலால் பார்க்காமல் முழங்கையாலோ உணர்வு நன்றாக உள்ள இடத்தாலோ பாருங்கள். அடுப்பிலிருந்து இறக்கும்போது தடித்த துணியைப் பயன்படுத்துங்கள். மரத்த கையில் வெந்நீர்ப் பை ஒத்தடம் வேண்டாம். வேலை முடிந்ததும் விரல்களைக் கண்ணால் பார்த்துக் காயமோ கொப்புளமோ உண்டா என்று அறிவதை வழக்கமாக்குங்கள். சர்க்கரை சோதிக்க விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில், விரலை மாற்றி மாற்றிக் குத்துங்கள். குத்துமுன் கையைக் கழுவித் துடைப்பது அவசியம். பழத்தை உரித்த விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பு, அளவை உயர்த்திக் காட்டிவிடும்.

பலவீனமான கையால் இன்சுலின் பேனாவின் பொத்தானை முழுதாக அழுத்த முடியாமல், பாதி அளவே உடலுக்குள் செல்வது அமைதியாக நடக்கும் ஒரு விபத்து. அதை ஈடுகட்ட அளவை மேலும் கூட்டிக்கொண்டு, ஒருநாள் வீட்டார் யாராவது முழுதாக அழுத்திவிட்டால் தாழ்சர்க்கரை வரும். அளவுக் காட்டி பூச்சியத்துக்கு வந்ததா என்று பார்த்து, மேலும் 10 நொடி ஊசியை உள்ளேயே வைத்திருங்கள். முடியவில்லையென்றால் இலேசாக அழுந்தும் வகைப் பேனாவைக் கேளுங்கள்.

பயிற்சியில் மிதம் வேண்டும். விரல்களை நேராக நீட்டுதல், கொக்கி போல மடக்குதல், முழு முட்டியாக மூடுதல் என்று மெதுவாக மாற்றும் பயிற்சி, விறைப்புள்ளவர்களுக்கும் மணிக்கட்டு நெருக்கம் உள்ளவர்களுக்கும் உதவுகிறது. பந்தை விடாமல் இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியை, மணிக்கட்டு நெருக்கம் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அந்த வழியில் அழுத்தத்தை அது மேலும் கூட்டும். எந்தப் பயிற்சியும் மதமதப்பைக் கிளப்பி, அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கச் செய்தால் அதை நிறுத்திவிட்டுக் கைகளுக்கான இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பத்தாம் படி: ஆறு வாரத்தில் மறுபார்வை

சிகிச்சை தொடங்கிய ஆறாவது வாரத்தில் புதிய தாளில் மீண்டும் கைகளை வரைந்து, பழையதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீட்டிய இடம் சுருங்கியிருந்தால் அதே வழியில் தொடரலாம். அப்படியே இருந்தால் பட்டையை முறையாக அணிந்தீர்களா, பி12 உயர்ந்ததா என்பதை முதலில் சரிபார்த்து, பிறகு நரம்பு கடத்தல் சோதனையைக் கேளுங்கள். பி12 ஈடுசெய்யும்போது இரத்தம் சில வாரங்களில் தேறினாலும், நரம்பு தேற ஆறு மாதமும் அதற்கு மேலும் ஆகலாம் என்பதால் அதை இடையில் நிறுத்த வேண்டாம். தீட்டிய இடம் பரவியிருந்தாலோ, சட்டைப் பொத்தான் போடுவது முன்பைவிடக் கடினமாகியிருந்தாலோ, கட்டைவிரல் மேடு தட்டையாகத் தொடங்கியிருந்தாலோ, அடுத்த முன்பதிவு நாள் வரும்வரை காத்திராமல் நரம்பியல் மருத்துவரையோ கை அறுவை மருத்துவரையோ அந்த வாரத்திலேயே பாருங்கள்.